புரியாத படங்களுக்கு அஞ்சியவர்கள்

பிரித்தானியத் திரைப்படத் தணிக்கை வாரியத்தின் பார்வைக்கு ஒருகாலத்தில் ஒரு பிரெஞ்சு மௌனப்படம் வந்து சேர்ந்தது. ழெர்மேன் துலாக் என்ற பெண் இயக்குநர் எடுத்த 'கிளிஞ்சலும் பாதிரியாரும்' என்பது அப்படம். பார்த்து முடித்த வாரியத்தினர் அனுமதி மறுத்தனர். அதற்கு அவர்கள் சொன்ன காரணம் திரைப்பட வரலாற்றில் நிலைத்துவிட்டது. இப்படம் ஏறக்குறையப் பொருளே இல்லை எனுமளவுக்குப் பூடகமாக இருக்கிறது. ஒருவேளை பொருள் ஏதேனும் இருக்குமானால், அது ஐயமின்றி ஆட்சேபத்துக்கு உரியதாகவே இருக்கும். அவர்கள் கருத்தின் சாரம் இதுதான்.

இதைப் படிக்கும் எவருக்கும் முதலில் சிரிப்புத்தான் வரும். சற்று நின்று யோசித்தால் சிரிப்பு அடங்கிவிடும். புரியாத ஒன்றால் யாருக்கு என்ன கேடு வந்துவிடப் போகிறது? புரியவில்லை என்று ஒதுக்கிவிட்டுப் போகலாமே, தடை எதற்கு?

'புரியவில்லை' என்ற கூக்குரல் நமக்குப் புதியதன்று. சி.சு. செல்லப்பா 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய காலந்தொட்டுப் புதுக்கவிதை அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டேதான் வளர்ந்தது. ஆனால் நம்மிடையே அது பெரும்பாலும் வாசகனின் சலிப்பாகவோ பண்டிதரின் ஏளனமாகவோ நின்றுபோயிற்று. ஐரோப்பியத் திரைப்பட வரலாற்றில் அதே சொல் அரசாணையாக, நாடாளுமன்றக் கண்டனமாக, மறுதொகுப்பு உத்தரவாக உருமாறியது. அந்த வரலாற்றை 1928 முதல் 1975 வரை வெளிவந்த எட்டுப் படங்களின் வழியே பின்தொடர்வது இக்கட்டுரையின் நோக்கம். எட்டுமே தடை செய்யப்பட்டவை அல்ல. ஆனால் எட்டுமே ஒருமுறை பார்த்து முடித்துவிட இயலாதவை. பொறுமையோடு சிந்திப்பவருக்குப் பலமடங்கு திருப்பித் தருபவை. பார்க்கப் பரிந்துரைக்கும் பட்டியலாகவும் இதைக் கொள்ளலாம்.

கனவுக்கு ஓர் அறிக்கை

ஃபிராய்டின் 'கனவுகளின் விளக்கம்' 1900 என்று ஆண்டு பொறிக்கப்பட்டு வெளிவந்தது. அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து, முதல் உலகப்போரின் நடுவே, ஆந்த்ரே பிரெத்தோன் என்ற மருத்துவ மாணவர் மனம் சிதைந்த படைவீரர்களுக்கான மருத்துவமனையில் பணியாற்றினார். அறிவின் பெயரால், முன்னேற்றத்தின் பெயரால் நடந்த ஒரு போர் மனிதர்களை என்ன செய்தது என்பதை அவர் அங்கே நேரில் கண்டார். பகுத்தறிவு இவ்வளவுதான் என்றால், அது அடைத்துவைத்திருக்கும் மற்றொரு பாதியைத் திறந்து பார்ப்போம் என்பதே 1924-இல் அவர் எழுதிய சர்ரியலிச அறிக்கையின் உள்ளோட்டம். கவிதையில் தொடங்கிய இயக்கம் விரைவிலேயே ஓவியத்துக்கும் திரைக்கும் பரவியது. இருட்டறை, அசையாமல் அமர்ந்திருக்கும் உடல், கண்முன் தானே ஓடும் பிம்பங்கள் என்று கனவுக்கு இத்தனை அருகிலிருக்கும் கலை வேறொன்று இல்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

கவிஞரும் நாடகக்காரருமான அந்தோனின் ஆர்த்தோவின் திரைக்கதையைக் கொண்டு துலாக் எடுத்த 'கிளிஞ்சலும் பாதிரியாரும்' 1928 பிப்ரவரி 9 அன்று பாரிஸின் ஸ்தூடியோ தெ உர்சுலீன் அரங்கில் திரையிடப்பட்டது. ஒரு பாதிரியார் கிளிஞ்சலிலிருந்து ஏதோ ஒரு திரவத்தைக் கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி, ஒவ்வொன்றாகக் கீழே போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறார். வாளும் பதக்கங்களுமாக ஒரு படைத்தலைவன் வருகிறான். பிறகு ஒரு பெண்ணைத் தேடி முடிவற்ற அறைகளிலும் தாழ்வாரங்களிலும் ஓட்டம். திருச்சபையின் உடையும் படையின் உடையும் இச்சையின் முன் என்ன ஆகின்றன என்பதைப் படம் ஒரு சொல்லும் சொல்லாமல் காட்டிவிடுகிறது. தணிக்கையாளர்கள் 'பொருள் இருக்குமானால்' என்று இழுத்தது இங்கேதான். பொருளை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். எடுத்துச் சொல்லத்தான் முடியவில்லை.

இவ்வரலாற்றில் கசப்பான ஓரிடமும் உண்டு. திரையிடலின்போது கூச்சலிட்டு இயக்குநரை வசைபாடியவர்கள் சர்ரியலிஸ்டுகளேதாம். தம் கனவை ஒரு பெண் தவறாகப் படமாக்கிவிட்டார் என்பது அவர்களின் சினம். தணிக்கை வாரியம் ஒருபுறம், தோழர்களின் அவமதிப்பு மறுபுறம் என்று துலாக்கின் படம் நெடுங்காலம் ஓரங்கட்டப்பட்டே கிடந்தது. முதல் சர்ரியலிசப் படம் என்ற பெயரை அடுத்த ஆண்டு வந்த மற்றொரு படம் எடுத்துக்கொண்டது.

கத்தியும் மேகமும்

ஸ்பெயினின் அரகோன் பகுதியிலுள்ள கலாந்தா என்ற ஊரில் 1900-இல் பிறந்தவர் லூயி புனுவெல். மத்ரித் நகர மாணவர் விடுதியில் கவிஞர் லோர்காவுக்கும் ஓவியர் சால்வடோர் டாலிக்கும் தோழராக இருந்தவர். தம் கனவொன்றை ஒருநாள் அவர் டாலியிடம் சொன்னார்: நீண்ட மேகக்கீற்று ஒன்று நிலவைக் குறுக்கே அறுக்கிறது, சவரக்கத்தி கண்ணை அறுப்பதுபோல. தம் கனவில் கை நிறைய எறும்புகள் ஊர்ந்ததாக டாலி சொன்னார். இரண்டு கனவுகளையும் வைத்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் எழுதி முடிக்கப்பட்டதுதான் 'ஆந்தலூசிய நாய்'. காரணம் சொல்லி விளக்கக்கூடிய எந்தக் காட்சிக்கும் இடமில்லை என்பதே எழுதும்போது அவர்கள் வைத்துக்கொண்ட ஒரே விதி. பணம் புனுவெலின் தாயார் தந்தது. அறுபட்ட கண் இறந்துபோன ஒரு கன்றினுடையது.

இதன் நீளம் வெறும் 16 நிமிடம். படத்தில் நாயும் இல்லை, ஆந்தலூசியாவும் இல்லை. முதன்முறை பார்ப்பவர் அந்தக் கண்ணைத் தாண்டி வேறெதையும் நினைவில் கொள்ளமாட்டார். இரண்டாம் முறை பார்க்கையில் இடையிடையே வரும் எழுத்து அட்டைகளைக் கவனிக்க வேண்டுகிறோம். முன்னொரு காலத்தில், எட்டு ஆண்டுகளுக்குப் பின், விடியற்காலை மூன்று மணியளவில், பதினாறு ஆண்டுகளுக்கு முன் என்று அவை கூறிக்கொண்டே போகும். எட்டு ஆண்டுகளில் எதுவும் மாறியிராது. பதினாறு ஆண்டுகளுக்கு முன்னும் அதே அறை, அதே மனிதர்கள். கதை கேட்கும்போது நாம் காலக்குறிப்பை எவ்வளவு எளிதாக நம்பிவிடுகிறோம் என்பதை அந்த அட்டைகள் நமக்கே காட்டித் தருகின்றன. ஒருவன் காதலியை நோக்கிக் கயிற்றை இழுத்தபடி முன்னேற முயல்கிறான். கயிற்றின் மறுமுனையில் இரண்டு பியானோக்கள், அவற்றின்மேல் செத்த கழுதைகள், கூடவே இரண்டு பாதிரிகள். இதற்கு உரை எழுத வேண்டுமா என்ன? ஆசையின் பின்னே எதையெல்லாம் இழுத்துக்கொண்டு நடக்கிறோம் என்பது பார்க்கும்போதே உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது.

1929 ஜூன் 6 அன்று முதல் காட்சி. கலகம் மூண்டால் எறிவதற்கென்று சட்டைப்பையில் கற்களை நிரப்பிக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றதாகவும், கிராமபோனில் வாக்னரின் இசையையும் அர்ஜென்டீன டாங்கோவையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டதாகவும் புனுவெல் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கற்களுக்கு வேலை வரவில்லை. செல்வர்களும் கலையன்பர்களும் கைதட்டினார்கள். படம் எட்டு மாதங்கள் ஓடியது. புனுவெல் மகிழவில்லை. கொலைக்கான அழைப்பாகத் தாம் எடுத்ததை அழகு என்று மெச்சும் கூட்டத்தைக் குறித்து அவர் எரிச்சலோடு எழுதினார். 'புரியாத' கலையைச் செயலிழக்கச் செய்யத் தடை ஒரு வழி. பாராட்டு மற்றொரு வழி என்பதை அவர் 29 வயதில் அறிந்துகொண்டார்.

மை வீசப்பட்ட திரை

அடுத்த படத்தில் அந்தப் பாராட்டுக்கு அவர் இடம் வைக்கவில்லை. பிரபு சார்ல் த நோவாய் பொருளுதவி செய்ய, 1930-இல் 'பொற்காலம்' உருவானது. தேள்களைப் பற்றிய ஒரு விவரணப்படமாக அது தொடங்குகிறது. பாறைமேல் அமர்ந்து ஓதிக்கொண்டிருந்த ஆயர்கள் எலும்புக்கூடுகளாகிக் கிடக்க, அவ்விடத்தில் கனவான்கள் திரண்டு வந்து அடிக்கல் நாட்டுகிறார்கள். சேற்றில் கட்டிப் புரளும் ஒரு காதல் இணை அந்த விழாவைக் குலைக்கிறது. பிறகு படம் முழுவதும் அவ்விருவரையும் சேரவிடாமல் சமூகம் இடையூறு செய்துகொண்டே இருக்கிறது. இறுதிப் பகுதியில் மார்க்கி த சாத் படைத்த கொடூரப் பாத்திரம் ஒன்று ஏசுவின் தோற்றத்தில் கோட்டையிலிருந்து வெளிவருகிறது.

டிசம்பர் 3 அன்று வலதுசாரித் தேசியவாதக் குழுக்களும் யூத எதிர்ப்புக் குழுவொன்றும் ஸ்தூடியோ 28 அரங்குக்குள் புகுந்தன. திரையின்மீது மை வீசப்பட்டது. கூடத்தில் காட்சிக்கு வைத்திருந்த டாலி, எர்ன்ஸ்ட், மிரோ, தாங்கி ஆகியோரின் ஓவியங்கள் கிழிக்கப்பட்டன. ஒரு வாரத்துக்குள் பாரிஸ் காவல்துறைத் தலைவர் படத்துக்குத் தடை விதித்தார். கலகம் செய்தவர்களைப் பற்றியதன்று அந்த ஆணை. கலகத்துக்கு ஆளானவர்களைப் பற்றியது. சட்டப்படியான பொதுத் திரையிடல் பாரிஸில் மீண்டும் நிகழ ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆயின.

இங்கே ஒன்றைக் கவனிக்கிறோம். மை வீசியவர்கள் படத்தைப் புரிந்துகொள்ளாமல் வீசவில்லை. விமர்சகர்கள் குறியீட்டு அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவர்கள் நேரடியாகவே புரிந்துகொண்டார்கள். தம் பக்தி, தம் ஒழுங்கு, தம் கொடிக்கம்பம் ஆகியவற்றின் மீதான பழக்கம் ஆட்டம் காண்கிறது என்பதை அவர்களின் உடல் அறிந்துவிட்டது.

திறந்திருந்தும் கடக்க முடியாத வாசல்

உள்நாட்டுப் போரும் ஃபிராங்கோவின் ஆட்சியும் புனுவெலை நாடோடியாக்கின. 1946-இல் மெக்சிகோ சென்று சேர்ந்தார். 1961-இல் ஸ்பெயின் திரும்பி எடுத்த 'விரிதியானா' கான் விழாவின் உயரிய பரிசைப் பகிர்ந்துகொண்டது. வத்திக்கான் நாளேடு கண்டித்ததைத் தொடர்ந்து ஸ்பெயினில் தடைக்கு உள்ளாகி, ஃபிராங்கோ மறைந்த பின் 1977-இல்தான் அங்கே மக்களைச் சென்றடைந்தது. அந்தத் தடையின் சூடு ஆறுமுன் மெக்சிகோவில் எடுத்த படம் 'அழிக்கும் தேவதை' (1962). இவ்வரிசையில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமுள்ளவர்களுக்கு நாம் சொல்வது இதைத்தான்.

இசைநிகழ்ச்சி முடிந்து ஒரு மாளிகையில் செல்வந்தர்கள் விருந்துக்குக் கூடுகிறார்கள். பணியாட்கள் காரணம் தெரியாமலே ஒவ்வொருவராக வெளியேறிவிடுகிறார்கள். விருந்து முடிந்ததும் விருந்தினரால் அந்தக் கூடத்தைவிட்டு வெளியேற முடியவில்லை. கதவு பூட்டப்படவில்லை, வாசலில் காவல் இல்லை. ஆனால் வாசற்படி வரை வருபவர் ஏதோ நினைவு வந்ததுபோல் திரும்பிவிடுகிறார். நாட்கள் கழிகின்றன. பசி, தாகம், பிணம், மாந்திரீகம் என்று நாகரிகம் அடுக்கடுக்காக உதிர்கிறது.

விருந்தினர் மாளிகைக்குள் நுழையும் காட்சி இருமுறை வருகிறது. படத்தைப் பார்த்த ஒளிப்பதிவாளர் காப்ரியேல் ஃபிகெரோவா, தொகுப்பில் பிழை நேர்ந்துவிட்டதென்று பதறிப்போய்ச் சொன்னதைப் புனுவெல் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். பிழையன்று; விடை அங்கேதான் இருக்கிறது. முதல் நாள் இரவு யார் எங்கே எப்படி இருந்தார்களோ, தற்செயலாக அதே இடத்தில் இப்போதும் இருக்கிறோம் என்பதை ஒரு பெண் கவனித்துவிடுகிறாள். அன்று வாசித்த இசையை மீண்டும் வாசிக்கச் சொல்கிறாள். அன்று பேசியதை மீண்டும் பேசவைக்கிறாள். வாசல் திறந்துகொள்கிறது. அறியாமல் திரும்பத் திரும்பச் செய்வது சிறை, அறிந்து ஒருமுறை செய்தால் விடுதலை என்று அக்காட்சியை நாம் வாசிக்கிறோம். விடுதலை நீடிப்பதில்லை என்பதைப் படத்தின் இறுதியில் தேவாலயமும் துப்பாக்கிச் சூடும் ஆட்டுமந்தையும் சொல்லிவிடுகின்றன. தூய பகுத்தறிவின் நோக்கில் இப்படத்துக்கு விளக்கமே இல்லை என்று புனுவெல் அறிவித்தார். ஆயினும் ஃபிராங்கோவின் நாட்டிலிருந்து வந்த ஒருவர், திறந்த வாசலைக் கடக்க இயலாத ஒரு வர்க்கத்தைக் காட்டும்போது, அந்த அறிவிப்பை ஒரு புன்னகையோடுதான் ஏற்க வேண்டியிருக்கிறது.

நம் கல்லூரியில் சில மாணவர்களுக்கு இப்படத்தைத் திரையிட்டபோது ஒருவன் கேட்டான்: "கதவு திறந்துதானே சார் இருக்கு, ஏன் போகமாட்டேங்கிறாங்க?" பின்வரிசையிலிருந்து மற்றொருவன், "பிடிக்கலேன்னு அரைமணி நேரமா முனகிட்டிருக்கியே, நீ ஏன் எழுந்து போகலை?" என்றான். "மணி அடிக்கலையே" என்று பதில் வந்தது. அரங்கமே சிரித்தது. பிறகு ஓர் அமைதி நிலவியது. அதற்குமேல் நாம் விளக்கவுரை ஆற்றவில்லை.

நசுங்கிய கீரைக்காகக் கொதித்தவர்கள்

செக்கோஸ்லோவாக்கியாவில் வேரா கித்திலோவா 1966-இல் எடுத்த 'டெய்ஸி மலர்கள்' வெளிப்பார்வைக்கு வெறும் விளையாட்டு. மரி என்ற ஒரே பெயர் கொண்ட இரண்டு இளம்பெண்கள், உலகம் கெட்டுவிட்டது, ஆகவே நாமும் கெட்டுப்போவோம் என்று முடிவெடுக்கிறார்கள். வயதான ஆண்களை ஏய்த்து உண்கிறார்கள், கத்தரிக்கோலால் வெட்டுகிறார்கள், ஒரே காட்சிக்குள் நிறங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. இறுதியில் பெரிய மனிதர்களுக்காகப் பரப்பிவைத்த ஒரு விருந்தை மிதித்துத் துவைக்கிறார்கள்.

1967 மே மாதத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், சக உறுப்பினர்களின் ஆதரவோடு, இப்படத்தைக் கண்டித்துப் பேசினார். உழவர்கள் பாடுபட்டு விளைவித்த உணவை இப்படி வீணாக்குவதா என்பது அவர் குற்றச்சாட்டு. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கண்டனத்துக்கான மறுமொழி படத்திலேயே முன்கூட்டி இருந்தது. போரில் தகர்ந்த நகரக் காட்சிகளோடு படம் தொடங்கி, அதே போன்ற காட்சிகளோடு முடிகிறது. கடைசியில், மிதிபட்ட கீரைப்பாத்திக்காக மட்டுமே கொதித்தெழுவோருக்கு இப்படத்தைக் காணிக்கையாக்குவதாக ஒரு வாசகம் தோன்றுகிறது. நகரங்கள் அழிவதற்குக் கொதிக்காத மனம் ஒரு மேசைச் சோற்றுக்குக் கொதிப்பதைப் படம் கண்முன் நிறுத்தியது. உறுப்பினர் எழுந்து அதை மெய்ப்பித்தார். 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் நாட்டுக்குள் நுழைந்தன. அடுத்து ஒரு படம் எடுக்க முடிந்த கித்திலோவா, அதன்பின் எழுபதுகளின் நடுப்பகுதி வரை ஒரு முழுநீளப் படமும் எடுக்க இயலாமல் காத்திருந்தார்.

மாதுளைச் சாறு

இந்த வரிசையில் மிக அழகிய படமும் மிக அதிக விலை கொடுத்த கலைஞரும் ஓரிடத்தில் சந்திக்கின்றனர். செர்கேய் பரஜனோவ் திபிலிசி நகரில் 1924-இல் பிறந்த ஆர்மீனியர். 18-ஆம் நூற்றாண்டில் ஆர்மீனியம், ஜார்ஜியம், அஜர்பைஜானியம் ஆகிய மொழிகளில் பாடிய சயாத் நோவா என்ற கவிஞரைப் பற்றி அவர் எடுத்த படத்தில் வாழ்க்கை வரலாறு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. வெண்துணியில் பரவும் மாதுளைச் சாறு. சாயத்தொட்டிகளிலிருந்து தூக்கப்பட்டுச் சொட்டும் கம்பளி நூல். மடத்தின் கூரையெங்கும் நனைந்த ஏடுகள் உலர்த்தப்பட்டிருக்க, காற்று அவற்றைப் புரட்ட, நடுவே படுத்துக் கிடக்கும் சிறுவன். அசையாத காமிராவின் முன் சுவடி ஓவியங்கள் உயிர்பெற்றதுபோல் மனிதர்கள் நிற்கிறார்கள். சோஃபிகோ சியாவ்ரேலி என்ற நடிகையே இளம்கவிஞராகவும் அவர் காதலியாகவும் வேறு பல உருவங்களிலும் வருகிறார்.

அதிகாரிகள் கேட்டது ஒன்றுதான்: கவிஞர் எங்கே? கவிஞரின் வாழ்வைச் சொல்லாத படத்துக்குக் கவிஞரின் பெயர் கூடாது என்று தலைப்பு மாற்றப்பட்டது. 'மாதுளையின் நிறம்' என்ற பெயர் அப்படி வந்ததே. 1969-இல் ஆர்மீனியாவில் வெளியான வடிவத்தை, சோவியத் நாடெங்கும் காட்டுவதற்காக இயக்குநர் செர்கேய் யுத்கேவிச் வெட்டித் தொகுத்தார். 1973 டிசம்பரில் பரஜனோவ் கைதுசெய்யப்பட்டு ஐந்தாண்டுக் கடுங்காவல் தண்டனை பெற்றார். குற்றச்சாட்டுகளில் தற்பாலின உறவும் ஒன்று. முகாமில் படம் எடுக்க வழியில்லை. பால் போத்தல் மூடியின் மெல்லிய தகட்டில் நகத்தால் உருவங்கள் கீறினார்.

அவரை விடுவிக்கக் கோரிக் குரல் கொடுத்தவர்களுள் பிரெஞ்சுக் கவிஞர் லூயி அரகோனும் ஒருவர். 1924-இல் பிரெத்தோனோடு சேர்ந்து சர்ரியலிசத்தைத் தொடங்கியவர், 'பொற்காலம்' தடைசெய்யப்பட்டபோது அதன் பக்கம் நின்ற குழுவைச் சேர்ந்தவர். முதுமையில் அவர் நேரடியாக பிரெஷ்னெவிடம் பேசினார். 1977 டிசம்பர் இறுதியில் பரஜனோவ் விடுதலையானார். பாரிஸில் மை வீசப்பட்ட திரைக்கும் சோவியத் தண்டனை முகாமுக்கும் இடையே ஓடும் இந்த ஒற்றை மனித இழை, எந்தக் கோட்பாட்டு நூலையும்விட நம்மை நெகிழ்விக்கிறது. 2014-இல் ஆர்மீனிய வடிவம் புதுப்பிக்கப்பட்டது. பார்ப்பவர்கள் அதையே தேடிப் பார்க்க வேண்டும்.

பிந்தி ஓடும் காலமும் கண்ணாடியும்

போலந்தின் வோய்சியெக் ஹாஸ் 1973-இல் 'மணற்கடிகை மருத்துவ இல்லம்' என்ற படத்தை எடுத்தார். மூலம் புரூனோ ஷுல்ஸின் கதைகள். பாழடைந்த தொடர்வண்டியில் ஒருவன் தந்தையைக் காணச் செல்கிறான். அந்த இல்லத்தில் காலம் பிந்தி ஓடுகிறது. ஆகவே வெளியுலகில் இறந்துவிட்ட தந்தை அங்கே இன்னும் இறக்கவில்லை. ஷுல்ஸ் யூதர்; 1942 நவம்பரில் தம் சொந்த ஊரான திரொஹோபிச்சின் தெருவில் கெஸ்டபோ காவலனால் சுட்டுக்கொல்லப்பட்டவர். அந்த மரணத்தைப் படத்தில் எவரும் பேசுவதில்லை. ஆனால் மூட்டை சுமந்து விரையும் கூட்டம், காலியாகும் சந்தை, வண்டியில் குவிந்த உடல்கள் என்று ஒரு சமூகமே அழிந்த செய்தி கனவின் ஓரங்களில் கசிந்துகொண்டே இருக்கிறது. 1968-இல்தான் போலந்தில் யூத எதிர்ப்பு அலையொன்று வீசி ஓய்ந்திருந்தது. அரசு முகம் சுளித்தது. படம் கள்ளத்தனமாகவே கான் விழாவுக்குப் போனதாகச் சொல்லப்படுகிறது. நடுவர் பரிசு கிடைத்தது. ஹாஸின் அடுத்த படம் வர ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் ஆயின. இதைப் பார்க்குமுன் ஷுல்ஸின் முடிவை அறிந்துகொள்வது நல்லது. தெரிந்தால், குழப்பமாகத் தோன்றும் காட்சிகள் துக்கமாக மாறுகின்றன.

கடைசிப் படம் ஆந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கியின் 'கண்ணாடி' (1975). கதைசொல்லியின் குரல் கேட்கிறது. வளர்ந்த மனிதனாக அவன் முகம் நமக்குக் காட்டப்படுவதில்லை. தாயாகவும் மனைவியாகவும் வருபவர் ஒருவரே: மார்கரீத்தா தெரெகோவா. இயக்குநரின் தந்தை அர்செனி தார்க்கோவ்ஸ்கி தம் கவிதைகளைத் தாமே வாசிக்கிறார்; இயக்குநரின் தாயும் திரையில் தோன்றுகிறார். பழைய வீட்டை அதே இடத்தில் மீண்டும் கட்டி, எதிரே இருந்த வயலில் சிறுவயதில் கண்ட வெண்பூக்களுக்காக ஒரு தானியத்தை விதைத்தார்கள். இங்கே விளையாது என்று ஊரார் சொன்னார்கள், பூத்தது. படத்தொகுப்பில் இருபதுக்கும் மேற்பட்ட வரிசைகளை அமைத்துக் கலைத்த பிறகே படம் ஒன்றாகி நின்றதாக அவர் எழுதியிருக்கிறார்.

திரைத்துறை அதிகாரிகள் புரியவில்லை என்றார்கள். மிகக் குறைந்த பிரதிகளே வெளியிடப்பட்டன. ஒன்றும் விளங்கவில்லை என்று கோபித்துப் பார்வையாளர் எழுதிய கடிதங்களையும், என் பிள்ளைப்பருவம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டு வந்த கடிதங்களையும் தார்க்கோவ்ஸ்கி அருகருகே வைத்துப் பதிப்பித்தார். அவர் சொன்னதாக ஒரு நிகழ்ச்சியும் உண்டு. திரையிடலுக்குப் பின் கற்றவர்கள் நள்ளிரவு வரை பொருள் குறித்து வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். அரங்கைப் பெருக்கி மூடக் காத்திருந்த பெண்மணி பொறுமையிழந்து சொன்னாராம்: இதில் என்ன இருக்கிறது? ஒருவன் நோயுற்றுச் சாவுக்கு அஞ்சுகிறான்; பிறருக்குத் தான் இழைத்த தீங்குகள் நினைவுக்கு வருகின்றன; மன்னிப்புக் கேட்க விரும்புகிறான்.

சாவியற்ற வீடு

தமிழ் கற்றவர்களுக்கு இப்படங்களைப் பார்க்கையில் ஒரு பழக்கம் தலைதூக்கும். அகப்பாடல்களின் உள்ளுறையைத் தேடிப் பழகிய கண், இந்த எறும்புக்கு என்ன பொருள், அந்தக் கழுதைக்கு என்ன பொருள் என்று தேடத் தொடங்கும். உள்ளுறைக்குத் திணை மரபு என்ற சாவி உண்டு. பாடியவரும் கேட்டவரும் பகிர்ந்துகொண்ட சாவி அது. இப்படங்களுக்கு அப்படியொரு பொதுச்சாவி இல்லை. ஆகவே, குறியீட்டை அவிழ்ப்பதற்குப் பதில் வேறு மூன்றைப் பரிந்துரைக்கிறோம். முதல்முறை பார்க்கையில் பொருள் தேடாமல், எந்த இடத்தில் நமக்குக் கூச்சமோ சினமோ துயரமோ வந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்வது. இரண்டாம் முறையில், திரும்ப வருவது எது என்று கவனிப்பது. அதன்பின், அப்படம் எந்த ஊரில், எந்த ஆட்சியின்கீழ் எடுக்கப்பட்டது என்று படித்தறிவது. வெறும் குழப்பத்தை ஆழமென்று விற்கும் படங்களும் உலகில் ஏராளம். அவற்றில் திரும்ப வருவது எதுவும் இராது; தனக்கென ஒரு விதியும் இராது. இந்த எட்டிலும் விதி உண்டு, அது கடைசிவரை காக்கவும் படுகிறது.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது வருகிறோம். புரியாத படத்துக்கு ஏன் தடை? ஒளிந்திருக்கும் பொருளுக்கு அஞ்சியா? அதுமட்டுமல்ல என்றே கருதுகிறோம். ஒரு கருத்தை மறுக்கலாம். எதிர்க்கருத்தை அச்சிட்டுப் பரப்பலாம். ஆனால் காலத்தை நம்புவது, வணங்குவது, கீழ்ப்படிவது, சோற்றுக்குக் கொதித்து அழிவுக்கு மௌனம் காப்பது, மறப்பது ஆகிய நம் பழக்கங்களை நமக்கே எடுத்துக்காட்டும் ஒரு படத்தை மறுத்துப் பேச எந்த அதிகாரிக்கும் சொல் கிடைப்பதில்லை. 'இதற்கு என்ன பொருள்?' என்று அதிகாரம் கேட்கும்போது, இன்னதுதான் பொருள் என்று சொல்லும் உரிமை தன்னிடமே இருக்க வேண்டும் என்றுதான் அது கேட்கிறது. விளக்குவார் எவருமின்றித் தனியே யோசிக்கும் மனிதர்கள் இருட்டில் கூடியிருப்பது அதற்கு உவப்பாக இருப்பதில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: 16 நிமிடம் ஒதுக்கி 'ஆந்தலூசிய நாய்'. பிறகு ஓர் இரவு 'அழிக்கும் தேவதை'. மனம் அமைந்திருக்கும் ஒரு விடுமுறைக் காலையில் 'மாதுளையின் நிறம்'. 'கண்ணாடி'யை, இயலுமானால், பெற்றோரைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய வாரத்தில் பாருங்கள். புரிந்ததா என்று எவரும் கேட்டால், அந்தப் பெருக்கும் பெண்மணியைப் போலத் தம் சொந்த வாக்கியத்தில் பதில் சொல்ல நண்பர்கள் முயல வேண்டும். அந்த வாக்கியம் நம்முடையதிலிருந்து மாறுபட்டிருந்தால் மிகவும் மகிழ்வோம்.